கொழும்பில் எத்தனை பேர் வாழ்கிறோம்?

(வெள்ளவத்தையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2001ஆம் ஆண்டு ஜூலை மாதம் குடிசன மதிப்பு எடுத்தபோது கொழும்பு மாநகரசபை எல்லைக்குள் 642,163 பேர் இருந்தார்கள். அடுத்த கணக்கெடுப்பு 2012 மார்ச்சில் நடந்தது. அப்போது இருந்தவர்கள் 561,314 பேர். பதினொரு ஆண்டுக்குள் எண்பதாயிரம் பேர் குறைந்துவிட்டார்கள். 1971ஆம் ஆண்டுக் கணக்கில் கொழும்பின் தொகை 562,430. நாற்பது ஆண்டுகள் கழித்து நகரம் ஏறக்குறைய அதே எண்ணுக்குத் திரும்பியிருக்கிறது.

இந்த மண்டபத்திலிருந்து இறங்கிக் காலி வீதியைக் கடக்க நிற்கும் எவருக்கும் இது நம்பக் கடினமான செய்தி. 2001க்கும் 2012க்கும் இடையில்தான் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஓட்டு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டன. முற்றமும் மாமரமும் இருந்த பன்னிரண்டு, பதினைந்து பேர்ச் காணிகளில் ஐந்து மாடியும் ஆறு மாடியும் எழுந்தன. மாடி கூடியது, தலை குறைந்தது. இது எப்படி நடந்தது என்று பார்க்கப்போனால் கொழும்பு என்பது எது, கொழும்பார் என்பவர் யார் என்ற இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

முதலில் எல்லை. மாநகரசபையின் நிலப்பரப்பு சுமார் 37 சதுர கிலோமீற்றர். தெற்கே தெஹிவளைக் கால்வாயைத் தாண்டினால் வேறு மாநகரசபை. கிழக்கே ராஜகிரியவில் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே மாநகரசபை தொடங்கிவிடும். வடக்கே களனி ஆற்றைக் கடந்தால் மாவட்டமே மாறி கம்பஹா வந்துவிடும். பஸ்ஸில் இருப்பவருக்கு இந்த எல்லைகள் எதுவும் கண்ணில் படாது. கடை முடியாது, வீடு முடியாது, நெரிசல் முடியாது. கணக்கு மட்டும் முடிந்துவிடும். வெள்ளவத்தையில் வாடகை கட்டுப்படியாகாமல் தெஹிவளைக்கும் இரத்மலானைக்கும் போன குடும்பம் இன்னமும் இங்கேதான் மரக்கறி வாங்குகிறது, இங்குள்ள ரியூசனுக்குத்தான் பிள்ளையை அனுப்புகிறது. குடிசன மதிப்பில் அந்தக் குடும்பம் கொழும்பு நகரத்தை விட்டுப் போய்விட்டது.

நகரம், கிராமம் என்று நம் நாடு பிரிக்கும் விதமும் இதில் சேர்கிறது. இலங்கையில் மாநகரசபையும் நகரசபையும் உள்ள இடங்கள் மட்டுமே நகரம். பிரதேசசபையின் கீழ் வருவது எதுவும் நகரமல்ல. 1987ஆம் ஆண்டின் பிரதேசசபைச் சட்டத்தோடு பழைய பட்டினசபைகளின் பகுதிகள் பிரதேசசபைகளின் கீழ் வந்தன. அவற்றில் வாழ்ந்தவர்கள் வீட்டை விட்டு அசையாமலே கிராமத்தவர் ஆனார்கள். 1981இல் நாட்டு மக்களில் 21.5 வீதம் பேர் நகரத்தில் வாழ்வதாகக் கணக்கு. 2012இல் அது 18.2 வீதம். இந்த முப்பது ஆண்டுகளில் இலங்கை நகரத்தன்மை குறைந்த நாடாக மாறியது என்று இந்த எண்ணை வைத்து எழுதிய வெளிநாட்டு அறிக்கைகள் உண்டு. கடுவெலயை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் அது மாநகரசபையாக்கப்பட்டது. அதற்கு முன்பு பிரதேசசபை. 2012 கணக்கின்படி கடுவெல பிரதேச செயலகப் பிரிவில் இரண்டரை இலட்சம் பேர். யாழ்ப்பாண மாநகரசபையைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு மக்கள் வாழ்ந்த ஓரிடம் வர்த்தமானி அறிவித்தல் வரும்வரை கிராமமாக இருந்தது. ஹோமாகம இன்றும் பிரதேசசபைதான்.

சென்னைக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 2011இல் சென்னை மாநகராட்சியின் எல்லையை 174 சதுர கிலோமீற்றரிலிருந்து 426 சதுர கிலோமீற்றருக்கு விரித்தார்கள். பழைய எல்லைக்குள் 46 இலட்சமாக இருந்த தொகை புதிய எல்லைக்குள் 67 இலட்சமானது. அதனால் சென்னை நன்றாக ஆளப்படுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அம்பத்தூரில் இருப்பவரும் அடையாற்றில் இருப்பவரும் ஒரே மேயரிடம் குப்பைக்கும் குழாய்க்கும் கேள்வி கேட்கலாம் என்ற நிலை அங்கே உண்டு. இங்கே அது இல்லை. 1948இலேயே நகரத் திட்டமிடலாளர் ஆபர்குரோம்பி தயாரித்த திட்டம் கொழும்பை அதன் சுற்றுவட்டாரத்தோடு சேர்த்துப் பார்த்தது. இரத்மலானை, ஹோமாகம, றாகம ஆகிய இடங்களைத் துணைநகரங்களாக வளர்க்க வேண்டும் என்றது. அப்போது நகரத்தின் தொகை நான்கு இலட்சத்துக்கும் குறைவு. மக்கள் அவர் காட்டிய திசைகளிலெல்லாம் போனார்கள். ஆட்சியின் கோடு மட்டும் அப்படியே நின்றது.

உண்மையான கொழும்பு மேல்மாகாணத்துக்குள் பரந்து கிடக்கிறது. 2012இல் மேல்மாகாணத்தின் தொகை 58 இலட்சத்துக்கு மேல். 2024 டிசம்பரில் எடுத்த கணக்கின் முதல் அறிக்கை நாட்டின் மொத்தத் தொகையை 21,763,170 என்கிறது. அதில் நூற்றுக்கு 28 பேர் மேல்மாகாணத்தில். அந்த அறிக்கையில் கம்பஹா மாவட்டம் கொழும்பு மாவட்டத்தை முந்திவிட்டது. கம்பஹா 2,433,685, கொழும்பு 2,374,461. பாராளுமன்ற ஆசனங்கள் வாக்காளர் தொகையைப் பார்த்துப் பங்கிடப்படுவதால் அங்கும் இது தெரிந்தது. 2024 பொதுத்தேர்தலில் கொழும்புக்கு 18 ஆசனம், கம்பஹாவுக்கு 19. அதே பங்கீட்டில் யாழ்ப்பாணம் ஆறாகக் குறைந்தது. 2010இல் யாழ்ப்பாணத்துக்கு ஒன்பது ஆசனம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

எல்லையை இத்துடன் விடுகிறேன். இந்த நகரம் எப்படி நிரம்பியது என்பதைப் பார்ப்போம்.

இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. அன்று கொழும்பில் சுமார் ஓர் இலட்சம் பேர். கப்பல்கள் அப்போது பெரும்பாலும் காலித் துறைமுகத்துக்குத்தான் போயின. சுயெஸ் கால்வாய் 1869இல் திறந்தது. கண்டிக்கு ரயில் 1867இலேயே போய்விட்டது. மலைநாட்டுக் கோப்பியும் பின்னர் தேயிலையும் வந்து இறங்கும் இடம் கொழும்பாயிற்று. 1875இல் இங்கிலாந்து இளவரசர் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் வேலை முடிந்தது. அதன்பின் காலி ஒதுங்கிக்கொண்டது. 1911இல் கொழும்பின் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. நாற்பது ஆண்டில் இரட்டிப்பு. பிறப்பினால் மட்டும் ஒரு நகரம் இந்த வேகத்தில் பெருகாது. கப்பலிலும் ரயிலிலும் வந்தவர்களால்தான் பெருகியது.

அவர்கள் வந்து இறங்கிய கரை கொட்டாஞ்சேனை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், கரி அள்ளியவர், மாநகரசபைக்காகத் தெருக்கூட்டியவர், செட்டியார் தெருவில் கணக்கெழுதியவர், சில்லறைக் கடை போட்டவர் எல்லாரும் நடந்துபோகும் தூரத்தில் இருப்பிடம் தேடினார்கள். கொச்சிக்கடையில் பொன்னம்பல முதலியார் 1856இல் எழுப்பிய சிவன் கோயிலை அவர் மகன் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். அதற்குக் கிட்டவே அந்தோனியார் கோயில். மேட்டில் புனித லூசியாள் பேராலயம். ஜிந்துப்பிட்டியில் முருகன். இத்தனை கோயில்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் பக்தி மட்டும் என்று நினைக்க வேண்டாம். துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த கொஞ்ச நிலத்தில் அத்தனை ஊரிலிருந்தும் ஆள் வந்து குவிந்தார்கள். ஒவ்வொரு கூட்டமும் தன் தெய்வத்தையும் கூட்டிவந்தது.

அந்த நெருக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஜம்பட்டா வீதிப் பக்கம் போய் வீட்டிலக்கங்களை வாசியுங்கள். 120 என்று ஒரு கதவு இருக்கும். பக்கத்தில் 120/1. உள்ளே ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய முடுக்கு. அதற்குள் 120/2, 120/2ஏ, 120/2பி. ஒரு காலத்தில் ஒரே வீடாக இருந்தது அறை அறையாகப் பிரிந்து, பிறகு அறையும் பிரிந்து, பலகைத் தட்டுப் போட்டு மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் என்று ஆகியிருக்கும். தோட்டம் என்று பெயர், மரம் ஒன்றும் இருக்காது. தோட்டத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய், விடியற்காலை நான்கு மணிக்கே அதன் முன் வாளிகள் வரிசை பிடித்திருக்கும். கணக்கெடுக்க வருபவர் அந்த முடுக்குக்குள் கடைசிவரை நடந்தாரா, வாசலில் நின்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனாரா என்பதில்தான் கொட்டாஞ்சேனையின் மக்கள்தொகை தங்கியிருக்கிறது.

வெள்ளவத்தை பிந்தி வளர்ந்த இடம். 1870களின் பிற்பகுதியில் கரையோர ரயில் பாதை இந்தப் பக்கம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹெவ்லொக் வீதியோரம் நூல் நெசவாலை எழுந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் இந்தியாவிலிருந்து, குறிப்பாக மலையாளக் கரையிலிருந்து வந்தவர்கள். 1933இல் அந்த ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தை கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்று நடத்தினார். இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. வெள்ளவத்தையில் மலையாளிகள் அவ்வளவு பேர் இருந்தார்கள் என்று இன்று சொன்னால் இங்கே பிறந்து வளர்ந்த இளையவர்களுக்கே புதுச் செய்தியாக இருக்கும். அவர்களுக்கு எதிரான பிரசாரம் நடந்தது, வேலைச் சட்டங்கள் மாறின, இந்திய வம்சாவளியினரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் 1948இல் வந்தது. ஆட்கள் போய்விட்டார்கள். ஆலை நின்ற காணியில் இப்போது ஹெவ்லொக் சிட்டி கோபுரங்கள் நிற்கின்றன.

கணக்கில் இருந்த ஒரு கூட்டம் கணக்கிலிருந்தே இப்படி மறைந்துபோனது. அது கடைசித் தடவையாக இருக்கவில்லை. பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்த இந்திய வம்சாவளித் தொழிலாளரில் ஒரு பகுதியினர் கப்பலேறினார்கள். இருந்தவர்களில் பலர் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்ற கட்டத்தை விட்டு இலங்கைத் தமிழர் என்றே பதிந்தார்கள். ஒரு சொல்லுக்காக நாடு இழந்தவர்கள் அந்தச் சொல்லை மீண்டும் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ள விரும்பாததில் என்ன வியப்பு? 2001இல் நகர எல்லைக்குள் இந்தியத் தமிழர் 13,968 பேர்தான் என்று அச்சான எண்ணை இதை மனதில் வைத்து வாசிக்க வேண்டும்.

அதே கணக்கில் இலங்கைத் தமிழர் 185,672 பேர், சோனகர் 153,299 பேர், சிங்களவர் 265,657 பேர். தமிழர் இரு பிரிவினரையும் சோனகரையும் கூட்டினால் மூன்றரை இலட்சத்தைத் தாண்டும், நகரத்தில் நூற்றுக்கு 55 பேர். இந்நாட்டின் முதன்மை நகரத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழ் பேசுகிறவர்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிரதேச செயலகப் பிரிவொன்றில் மொழிச் சிறுபான்மையினர் எட்டிலொரு பங்குக்கு மேல் இருந்தால் அங்கே இரு மொழியிலும் நிர்வாகம் நடத்த அரசியலமைப்பு இடம் கொடுக்கிறது. அப்படியானால் பிறப்புச் சான்றிதழையும் பொலிஸ் முறைப்பாட்டையும் தமிழில் கேட்பதற்கு இந்த எண்தான் நம் ஆதாரம். ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கிறோம்.

ஏன் கேட்பதில்லை? எண்ணப்படுவது என்றாலே நமக்குப் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, அதை ஒளிக்காமல் பேச வேண்டும்.

1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. சிங்கள வீட்டை விட்டுவிட்டு அடுத்த தமிழ் வீட்டைச் சரியாகப் பார்த்து எரிக்க அந்த இடாப்புப் பயன்பட்டது. ஒருவர் இந்த நாட்டின் வாக்காளர், இந்தத் தெருவில் இந்த இலக்கத்தில் வாழ்கிறார் என்று அரசு எழுதிவைத்த பதிவு அது. அவரை ஆளவேண்டிய அரசைத் தெரிவுசெய்ய வைத்திருந்த பட்டியலே அவர் வீட்டுக்கு வழிகாட்டியது. இதற்குப் பிறகு தன் பெயரைப் பட்டியலில் போடத் தயங்கும் ஒருவரை நான் குறை சொல்லமாட்டேன்.

அதற்குப் பின்வந்த காலம் உங்களில் பலர் வாழ்ந்த காலம். 1981 கணக்கில் யாழ்ப்பாண நகரத்தின் தொகை 118,224. அன்று கொழும்பு, தெஹிவளை–கல்கிசை, மொறட்டுவை ஆகியவற்றுக்கு அடுத்ததாக இலங்கையின் நான்காவது நகரம் அது. கண்டியைவிடப் பெரிது. 2012இல் யாழ்ப்பாண மாநகரசபைக்குள் தொண்ணூறாயிரம் பேர்கூட இல்லை. அந்த நகரம் இழந்த மக்களில் ஒரு பகுதியினர் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போனார்கள். அவர்களில் பலர் போகும் வழியில் தங்கிய இடம் கொழும்பு 6 வெள்ளவத்தை, கொழும்பு 13 கொட்டாஞ்சேனை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த பிறகு வவுனியாவில் பாஸ் எடுத்து வந்த குடும்பங்களால் இங்குள்ள லொட்ஜுகளும் அனெக்ஸ் அறைகளும் நிரம்பின. ஒரு அறையில் தாயும் மூன்று பிள்ளைகளும். தகப்பன் சுவிஸில். விசா வரும் என்று இரண்டு மாதத்துக்கென எடுத்த அறையில் ஐந்து வருடம் இருந்தவர்கள் உண்டு. பிள்ளை இங்கே முதலாம் வகுப்பில் சேர்ந்து இங்கேயே புலமைப்பரிசில் எழுதும். கேட்டால் தற்காலிகமாக வந்திருக்கிறோம் என்பார்கள்.

வீட்டுக்காரரோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பெயர் பதிந்து, அந்தத் துண்டை ஆளடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டுதான் வெளியே இறங்க வேண்டும். இரவில் சுற்றிவளைப்பு வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகளிலிருந்து 376 பேரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் இருப்பதற்குத் தகுந்த காரணம் காட்டவில்லை என்பது அவர்கள்மேல் சொல்லப்பட்ட குற்றம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டு மறுநாளே உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றது. பிரதமராக இருந்த ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். அடுத்த வருடம் செப்டெம்பரில் வட மாகாணத்திலிருந்து ஐந்து வருடத்துக்குள் மேல்மாகாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வந்து பதிய வேண்டும் என்றார்கள். பாடசாலை மைதானங்களில் வரிசையில் நின்றோம். அந்தக் காலத்தில் நம்மைப்போல் இத்தனை தடவை எண்ணப்பட்டவர்கள் இந்நாட்டில் வேறு எவரும் இல்லை. அந்த எண்ணிக்கைகளில் ஒன்றாவது எத்தனை குழாய் வேண்டும், எத்தனை வகுப்பறை வேண்டும் என்று கேட்பதற்காக எடுக்கப்படவில்லை.

இனித் தொடக்கத்தில் சொன்ன எண்பதாயிரத்துக்கு வருகிறேன். 2001 கணக்கு போர்க்காலக் கணக்கு. லொட்ஜும் அனெக்ஸும் நிரம்பி வழிந்த நேரம். 2012க்குள் போர் முடிந்துவிட்டது. ஊர் திரும்பியவர் திரும்பினார், விசா கிடைத்தவர் போனார். அது ஒரு காரணம். கொள்ளுப்பிட்டியிலும் பம்பலப்பிட்டியிலும் கறுவாத்தோட்டத்திலும் குடியிருந்த வீடுகள் அலுவலகமாக, வங்கியாக, ஆடைக்கடையாக மாறின. அது இன்னொன்று. காணி விலை ஏற ஏற நடுத்தரக் குடும்பங்கள் இருந்ததை விற்றுப் புறநகரில் பெரிய வீடு கட்டிக்கொண்டன. இது சிங்கள, முஸ்லிம் குடும்பங்களுக்கும் பொருந்தும். வீட்டுக்கு ஆறேழு பேர் இருந்தது மூன்று நான்காயிற்று. எந்தக் காரணத்தால் எத்தனை பேர் என்று பிரித்துக் கொடுக்கும் அட்டவணை இல்லை. முதற்காரணத்துக்கு நான் கூடிய எடை கொடுக்கிறேன். அது என் கணிப்பு, வேறு விதமாக நினைப்பவர்கள் சொல்லலாம்.

கடைசிக் காரணம் நம் கண்முன்னாலேயே இருக்கிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் போய் நின்று பாருங்கள். மீற்றர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தபாற்பெட்டிகள் வரிசையாக இருக்கும். சிலவற்றில் மின்சாரப் பட்டியல் மாதக்கணக்கில் எடுக்கப்படாமல் பிதுங்கிக்கொண்டிருக்கும். காவலாளியைக் கேட்டால் விவரமாகச் சொல்வார். மூன்றாம் மாடியில் இரண்டு வீட்டுச் சாவியும் தன் மேசை லாச்சிக்குள், ஆவணியில் கனடாவிலிருந்து வருவார்கள், கோயில் திருவிழா முடிந்ததும் போய்விடுவார்கள். நாலாம் மாடியில் அம்மா தனிய. ஐந்தாம் மாடியில் ஐயாவும் அம்மாவும், வேலைக்கார அம்மா காலையில் வந்து மத்தியானம் போவார். புலம்பெயர்ந்த பிள்ளைகளின் பணத்தில் எழுந்த வெள்ளவத்தை இது. ஊரில் காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள், வெளிநாட்டில் குளிர், நடுவில் பெற்றோருக்கு ஓர் இடம் வேண்டும் என்று வாங்கிய வீடுகள். அந்தப் பிள்ளைகளை நான் மதிக்கிறேன். இரண்டு வேலை செய்து வாங்கிய வீடுகள் அவை. ஆனால் வீடு கூடுவதும் ஆள் கூடுவதும் வேறு வேறு என்பதைத் திட்டமிடுகிறவர்கள் இன்னமும் கணக்கில் எடுக்கவில்லை.

எடுக்காததன் விலையை இரண்டு பக்கமும் கொடுக்கிறோம். பூட்டிய வீடுகள் ஒருபுறமிருக்க, ஒரு குடும்பத்துக்காக வெட்டிய ஒழுங்கை வடிகாலில் இருபது வீட்டுக் கழிவுநீர் விழுகிறது. நகரத்தின் பாதாளக் கழிவுநீர்க் குழாய்கள் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இதில் பாதித் தொகைக்கும் குறைவான மக்களுக்குப் போட்டவை. லபுகமவிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியது 1886இல். பகலில் வேலைக்கும் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பல இலட்சம் பேர் நகரத்துக்குள் வந்து போகிறார்கள். அவர்கள் குடிக்கும் தண்ணீரும் போடும் குப்பையும் நகரத்தின் கணக்கில், அவர்கள் தலை வேறொரு சபையின் கணக்கில்.

குப்பை என்றதும் கொட்டாஞ்சேனைக்காரருக்கு புளூமெண்டால் நினைவு வரும். வருடக்கணக்காக நகரத்தின் குப்பையை அங்கே மலையாகக் குவித்தார்கள், அதைச் சுற்றிக் குடும்பங்கள் வாழ்ந்தன. நீதிமன்றம் தலையிட்டு அது நிறுத்தப்பட்டதும் குப்பை எல்லைக்கு வெளியே கொலன்னாவையில் மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள், அந்த மலை சரிந்து 32 பேர் இறந்தார்கள். கொழும்பு மாநகரசபைக்கு அவர்கள் வாக்களித்தவர்கள் அல்லர். கொழும்பின் குப்பை அவர்கள்மேல் விழுந்தது.

வட கொழும்பில் எண்ணுவதற்கு இன்னொரு விளைவும் உண்டு. நகரம் முழுவதிலும் வசதி குறைந்த குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் வாழ்வதாக நகர அபிவிருத்தி அதிகாரசபை 2011 அளவில் கணக்கிட்டது. இவர்கள் இருக்கும் நிலம் நகரத்தின் நிலத்தில் பத்திலொரு பங்குக்கும் குறைவு. நகரத்து மக்களில் பாதிப் பேர் அந்தக் கொஞ்ச நிலத்தில் நெருங்கி வாழ்கிறார்கள் என்று அந்த எண்ணை வாசித்திருக்கலாம். அதிகாரிகள் அதை வேறு விதமாக வாசித்தார்கள். அவ்வளவு விலையுள்ள நிலம் மீட்கப்பட வேண்டும் என்றார்கள். மட்டக்குளியிலும் தெமட்டகொடையிலும் உயர்மாடிகள் கட்டிக் குடும்பங்களை ஏற்றினார்கள். கூரை ஒழுகாத வீடு கிடைத்தது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு, அவர்கள் மகிழ்ச்சியை மறுக்கக்கூடாது. தோட்டத்து வாசலில் இடியப்பம் அவித்து விற்ற பெண் பத்தாம் மாடியில் யாருக்கு விற்பார்? ஒரே இலக்கத்தில் மூன்று குடும்பமாக இருந்தவர்களுக்கு ஒரு வீடு என்றால் மற்ற இரண்டும் எங்கே போகும்? 120/2பி என்ற கதவை யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்பது அந்த நேரத்தில் வாழ்வா சாவா என்ற கேள்வியாகிறது.

இனி வரும் காலத்தில் கூட்டம் பெருகும் என்ற பயம் வேண்டாம். நாட்டில் 2013இல் மூன்று இலட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் பிள்ளைகள் பிறந்தன. 2024இல் சுமார் இரண்டு இலட்சத்து இருபதாயிரம். பாடசாலை முதலாம் வகுப்புகள் சுருங்கும், முதியவர் தொகை ஏறும். வெள்ளவத்தை இந்த மாற்றத்தில் நாட்டுக்கே முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. லிஃப்ட் பழுதானால் கீழே இறங்க முடியாதவர்கள் இந்த ஒழுங்கைகளில் எத்தனை பேர் என்று எந்தத் திணைக்களத்திடமும் பட்டியல் கிடையாது.

ஆகவே இரண்டு காரியம் கேட்கிறேன். கிராம உத்தியோகத்தர் வருடந்தோறும் வாக்காளர் பதிவுக்காக வருவார். நீங்கள் இங்கே வாழ்கிறீர்கள் என்றால் இங்கே பதியுங்கள். ஊரில் பெயர் இருக்கட்டும், இங்கே தற்காலிகம்தானே என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். அந்தக் குடும்பத்தின் குப்பையும் கழிவுநீரும் தற்காலிகமாக இருக்கவில்லை. 2024 கணக்கின் விரிவான அட்டவணைகள் வெளிவரும்போது வட்டாரவாரியாகத் தமிழில் கேட்டு வாங்குங்கள். வெள்ளவத்தைக்கும் பாமன்கடைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வரும் எண்களைக் கோயிலிலும் பாடசாலையிலும் ஒட்டிவையுங்கள்.

இரண்டாவது காரியத்துக்கு அரசு வேண்டாம். ஒவ்வொரு தொடர்மாடியிலும் தனியே வாழும் முதியவர்களின் பட்டியல் ஒன்றை நாமே எடுக்கலாம். ஒரு தாள் போதும். பெயர், எத்தனையாம் மாடி, என்ன வருத்தம், எந்த டொக்டர், வெளிநாட்டுப் பிள்ளையின் தொலைபேசி இலக்கம், பக்கத்து வீட்டில் மாற்றுச் சாவி யாரிடம். கொட்டாஞ்சேனையில் உயர்மாடிகளுக்குப் போனவர்களிடையேயும் இதைச் செய்யலாம், அங்கே தேவை இன்னும் கூட. ஒரு விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். தாளோடு போய்க் கதவைத் தட்டுபவர் அதே மாடியில் வாழ்கிறவராக இருக்க வேண்டும். 2008இல் வரிசையில் நின்ற ஒருவர், முன்பின் தெரியாத ஆள் வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் இன்றைக்கும் சங்கிலியைக் கழற்றாமல்தான் பதில் சொல்வார்.